எட்டு மணிக்கு மாடியேறினால் எரிநட்சத்திரம் எப்படித் தெரியும்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ‘மணிக்கு 150 எரிநட்சத்திரம் விழும்’ என்று கைபேசியில் படித்துவிட்டுச் சென்ற டிசம்பரில் எங்களை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். இரவு எட்டு மணி முதல் ஒன்பதரை வரை நின்றோம். கண்ணில் பட்டது இரண்டே இரண்டு. இந்த ஆண்டு (2026) டிசம்பர் 14-ஐ ஒட்டிய வாரத்திலும் உண்டு என்கிறாள். எட்டாயிரம் ரூபாயில் டெலஸ்கோப் கேட்கிறாள். அவள் அப்பாவோ காவலூர் வானாய்வகத்துக்குப் போகலாம், இல்லையென்றால் அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் காரில் போகலாம் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: டெலஸ்கோப் வேண்டாம், காவலூரும் வேண்டாம், அஞ்செட்டி வேண்டவே வேண்டாம். சென்ற ஆண்டு நீங்கள் தவறவிட்டது நேரத்தை மட்டும்தான்.

உங்கள் மகள் சொல்வது ‘ஜெமினிட்’ என்ற விண்கல் மழையை. அதில் வரும் எரிகற்கள், அதாவது எரிநட்சத்திரங்கள், மிதுன ராசியில், புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கு அருகே ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவது போலத் தோன்றும். டிசம்பர் நடுவில் நம் பக்கத்தில் அந்தப் புள்ளி வடகிழக்கே உதிப்பதே ஏழே முக்கால் மணி வாக்கில்தான். நீங்கள் மாடியேறியபோது அது பக்கத்துத் தோப்பின் தென்னந்தலைக்குக் கூட ஏறியிருக்காது. பத்து மணிக்கு 30 டிகிரி, நள்ளிரவில் 50 டிகிரிக்கு மேல், இரண்டு மணிக்கு உச்சிக்குச் சற்று வடக்கே 70 டிகிரி என்று அது ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற எண்ணிக்கையும் கூடும். ஒன்பதரைக்கு இறங்கி வந்தது, பந்தி தொடங்குமுன் கல்யாண வீட்டை விட்டுக் கிளம்பியதைப் போல.

அந்த 150 பொய்யில்லை. ஆனால் அது ஒரு கணக்கு. அந்தப் புள்ளி நேர் உச்சியில் இருந்து, மிக மங்கலான நட்சத்திரம் வரை கண்ணுக்குத் தெரியும் கும்மிருட்டும் இருந்தால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பார் என்பதே அதன் பொருள். கிராமத்து வயல்வெளியில் அது 50, 60 ஆகக் குறையும். தெருவிளக்கு எரியும் ஊருக்குள் இருபது தேறினாலே நல்லது. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நூற்றைம்பதை எதிர்பார்த்துப் படுப்பவருக்கு நாற்பது கிடைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்த ஆண்டு நிலவும் உங்கள் பக்கம். டிசம்பர் 9 அமாவாசை. 14-ஆம் தேதி இரவு பிறை பத்தரை மணிக்குள் மேற்கே இறங்கிவிடும். அன்று மாலையை ஒட்டித்தான் உச்சம் என்பதால் 14 (திங்கள்) இரவு முதல் செவ்வாய் விடியல் வரை என் முதல் தேர்வு. முந்தைய இரவும் ஏறக்குறைய அதே அளவு நன்றாக இருக்கும். அரையாண்டுத் தேர்வு நேரமாக இருந்தால் முழு இரவும் விழிக்க வேண்டாம். ஒன்பதுக்கே படுக்க வைத்து, இரண்டு மணிக்கு எழுப்பி, மூன்றரை வரை பார்த்தால் போதும்.

இனி, இடம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1988-இல் ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட சிறுகோளைக் கண்டுபிடித்தது அங்கேதான். ஆனால் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி பார்ப்பது வானத்தில் ஒரு பொட்டளவு. எரிகல்லோ எந்த மூலையில் கீறும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் மகளின் வெறும் கண்ணே அதைவிட அகலமாகப் பார்க்கும்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுச் சாலைகளில் இருட்டு அருமையாக இருக்கும். யானையும் இருக்கும். ராகி அறுவடைக் காலத்தில் அவை வயலுக்கு இறங்குவது மாரண்டஅள்ளிப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரை ஒட்டிய, ஆள் நடமாட்டமுள்ள உறவினர் களமோ தோட்டத்து வீட்டு மாடியோ போதும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் விழக் கூடாது, அவ்வளவுதான். ஓசூர், பெங்களூரு வெளிச்சம் உங்களுக்கு வடமேற்கே படரும். அதை விட்டுவிட்டுக் கிழக்கே கால் நீட்டிப் படுங்கள். புனர்பூசத்தையே உற்றுப் பார்க்க வேண்டாம். அதிலிருந்து தள்ளி விழுபவைதான் நீளமாகக் கோடிழுக்கும்.

நின்றுகொண்டு பார்த்தால் பத்தே நிமிடத்தில் கழுத்து வலிக்கும். ராயக்கோட்டைக்கு அருகே ஒரு ராகிக் களத்தில் தார்ப்பாய் விரித்து, கம்பளியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு நான் படுத்திருந்த இரவில், இரண்டு மணிக்கெல்லாம் கம்பளியின் மேல்பக்கம் பனியில் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்துவிட்டது. மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்; ஒரே ஒரு முறை கைபேசியைத் திறந்தால் அந்த அரை மணி போச்சு. எண்ணிக்கையை எழுதி வைக்கவும் விளக்கு வேண்டாம். இடக்கைப் பக்கம் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, வலக்கைப் பக்கம் காலிக் கிண்ணம். ஒன்று விழுந்தால் ஒரு கொட்டை இடம் மாறும். காலையில் எண்ணிக்கொள்ளலாம்.

மகளுக்குச் சொல்ல இன்னொன்று. எரிகற்கள் தரையிலிருந்து சுமார் 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிகின்றன. பாலக்கோட்டில் படுத்து வடமேற்கே பாதி உயரத்தில் ஒன்றைப் பார்த்தால், அது எரிந்தது ஏறத்தாழ பெங்களூருக்கு மேலே. பெரும்பாலும் மணல், பொடிக்கல் அளவுத் துகள்கள்தான். வேகம் நொடிக்கு 35 கிலோமீட்டர். பல விண்கல் மழைகளுக்கு வால்நட்சத்திரம் தாய் என்றால், இதற்கு 1983-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள். ஒரு கல் எப்படி இவ்வளவு தூசியை உதிர்த்தது என்பது இன்னும் ஆராயப்படும் கேள்வி. அதன் அருகே போய்ப் பார்க்க ஜப்பான் ஒரு விண்கலத்தைத் தயாரித்துவருகிறது.

எட்டாயிரம் ரூபாய்க்கு வருவேன். அந்த விலையில் பொம்மைக் கால்களில் நடுங்கும் டெலஸ்கோப்புகள்தான் அதிகம் கிடைக்கின்றன. அவை ஒரு வாரத்தில் பரணுக்குப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாதிப் பணத்தில் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். முழங்கையைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன் அறுபதாகத் தெரியும். அதே டிசம்பர் வாரத்தில் இரவு பதினொன்றரைக்கு மேல் கிழக்கே சிம்ம ராசியில் வியாழனும் செவ்வாயும் இருக்கும். வியாழனை ஒட்டிய நான்கு நிலவுகளில் இரண்டு மூன்றாவது அகப்படும். மூன்றரைக்கு மேல் கிழக்கே பளீரென்று நிற்பது வெள்ளி; அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். விளக்குச் சிமிட்டாமல் சில நிமிடங்களில் சீராக வானத்தைக் கடப்பது சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். அது மாலை மயங்கிய பிறகும் விடியலுக்கு முன்பும்தான் தெரியும். நள்ளிரவில் பூமியின் நிழலில் மறைந்துவிடும். நம் ஊருக்கு மேல் வரும் நேரத்தை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலி சொல்லும்.

மேகம் ஒன்றுதான் நம் கையில் இல்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவிலும் மூட்டம் போடும். மாலையில் மூடியிருக்கிறதே என்று கைவிட்டுவிடாதீர்கள். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து நீங்கள் மட்டும் எழுந்து வாசலில் நின்று தென்மேற்கே அண்ணாந்து பாருங்கள். ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் அந்த மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தால் மகளை எழுப்புங்கள். தெரியாவிட்டால் அவள் தூங்கட்டும்.