தியலும: அடிவாரத்தில் அம்மா, மேலே பிள்ளைகள்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். ஓகஸ்ட் விடுமுறையில் கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், முழங்கால் வலியுள்ள என் தாயார் ஆகியோருடன் தியலும நீர்வீழ்ச்சிக்குச் செல்ல எண்ணியுள்ளோம். ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? மேலேயுள்ள பாறைக் குளங்கள் வரை நடந்து சென்று பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

பதில்: ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக வெல்லவாயவுக்குச் செல்லும் வீதியில், கொஸ்லந்தையைக் கடந்த பிறகு வீதியோரத்திலேயே தியலும இருக்கிறது. கொழும்பிலிருந்து 200 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம்தான். ஆயினும் பலாங்கொடைக்கு அப்பால் வளைவுகள் மிகுதி என்பதால் ஆறு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் புறப்பட்டாலும் அங்கு சேரும்போது நண்பகலாகிவிடும். மலையேற அதைவிடப் பொருத்தமற்ற வேளை இல்லை. முதல் நாள் கொஸ்லந்தையிலோ வெல்லவாயவிலோ ஹப்புத்தளையிலோ தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்னர் நடக்கத் தொடங்குங்கள். தாயாருக்கு வளைவுப் பாதையில் தலைசுற்றல் வருமானால், தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அம்பாந்தோட்டைப் பக்கம் சென்று தனமல்வில வழியாக வெல்லவாயவை அடையலாம். தூரம் கூடும், ஆனால் பெரும்பகுதி சமதரை.

உங்கள் தாயார் ஓர் அடிகூட ஏற வேண்டியதில்லை. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீரை வீதியிலிருந்தே முழுமையாகப் பார்க்க முடியும். உண்மையில் நீர்வீழ்ச்சியின் முழு உருவம் அடிவாரத்திலிருந்துதான் தெரியும். மேலே ஏறியவர்கள் அதன் விளிம்பை மட்டுமே காண்பார்கள். ஆகவே தாயாருடன் பெரியவர் ஒருவர் கீழே தங்கினால், அவர் எதையும் இழந்ததாக ஆகாது.

மேலே செல்ல இரண்டு வழிகள் உண்டு. அடிவாரத்திலிருந்து நேரே ஏறும் பாதை செங்குத்தானது. பழகியவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஒன்பது வயதுப் பிள்ளையுடன் அதைத் தவிருங்கள். கொஸ்லந்தையிலிருந்து முச்சக்கர வண்டியில் பூனாகலைப் பக்கமாக மேலே சென்று, அங்கிருந்து மானாப்புல் வெளியூடாக இறங்கி நடப்பதே உங்களுக்கு ஏற்றது. சுமார் அரை மணி நேர நடைதான். எனினும் புல் ஆளுயரம் வளர்ந்து கிளைப்பாதைகளை மறைத்துவிடும் என்பதால், அந்த ஊரைச் சேர்ந்த ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள தோட்டங்களில் தமிழ் பேசும் மக்கள் வாழ்வது உங்களுக்கு வாய்த்த பெரும் வசதி. "மேல் பக்கம் மழை பெய்ததா?" என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதையே எந்தக் கைத்தொலைபேசிச் செயலியையும்விட நான் நம்புவேன்.

அந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தியலுமவுக்கு நீர் தருவது பூனாகலை ஓயா. அதன் நீரேந்து பகுதி நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலேயுள்ள செங்குத்தான மலைச்சரிவுகள். அங்கே பெய்யும் மழை மண்ணில் ஊறி நிற்காமல் பாறைகள் வழியாக விரைந்து இறங்கிவிடும். குளத்தருகே வெயில் எரித்துக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் திடீரென்று உயரலாம். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, நீரின் ஓசை தடிப்பது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும், பொருட்களைப் பொறுக்க நிற்காமல் உடனே கரையேறி உயரமான இடத்துக்குச் செல்லுங்கள்.

குளிப்பதைப் பொறுத்தவரை, விளிம்பை ஒட்டிய குளத்தில் பிள்ளைகளை ஒருபோதும் இறக்காதீர்கள். படங்களில் அமைதியாகத் தோன்றும் அக்குளத்திலிருந்து வழியும் நீர் அடுத்த கணம் பாதாளத்தில் விழுகிறது. அருகிலுள்ள பாறையோ பாசி படிந்து வழுக்கும். விளிம்பிலிருந்து நன்கு விலகிய, அடித்தளம் கண்ணுக்குத் தெரியும் ஆழமற்ற குளமொன்றை வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிவுசெய்து, பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி ஆழம் பார்த்த பின்னரே பிள்ளைகளை இறக்குங்கள். பாறையிலிருந்து குதிக்க விடாதீர்கள். 14 வயது மகனிடம் இதைக் கொழும்பிலேயே பேசி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. அந்த வயதில், மற்ற இளைஞர்கள் குதிப்பதைப் பார்த்த பிறகு சொல்லும் அறிவுரை காதில் ஏறாது.

ஓகஸ்ட்டில் நீரின் அளவு குறைவாகவே இருக்கும் என்பதையும் அறிந்து செல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. குளங்கள் அமைதியாக இருக்கும். அருவியோ மெலிந்து, காற்றில் சிதறும். பொங்கிப் பாயும் தியலுமவைக் காண ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையே வேண்டும், ஆனால் அப்போது குடும்பத்துடன் மேலே ஏறக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண் மூடியது இதே கொஸ்லந்தைப் பகுதியில்தான். பயணத்தை டிசம்பருக்குத் தள்ளிவைத்தால், ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதா என்பதைப் புறப்படும் காலையில் பாருங்கள். இருந்தால் போகாதீர்கள்.

உடை விடயத்தில், நீளக் காற்சட்டையும் பிடிமானமுள்ள சப்பாத்தும் அவசியம். மானாப்புல் வெறுங்காலைக் கீறிவிடும். ஈரமான காலங்களில் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் உதவும். குளவிக் கூடு தென்பட்டால் சத்தமின்றி விலகிச் செல்லுங்கள். ஓகஸ்ட்டில் காய்ந்த புல்லுக்கு ஒரு தீப்பொறி போதும் என்பதால், மேலே அடுப்பு மூட்டுவதோ புகைபிடிப்பதோ கூடாது.

திரும்பும் வழியில் களுபஹனவில் பிரிந்து சென்றால், இலங்கையின் மிக உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியை, அதாவது 263 மீற்றரை, பைன் மரங்களுக்கிடையே பார்க்கலாம். அங்கு நடை குறைவு.

1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் எல்லோருடைய தொலைபேசியிலும் பதிந்துவையுங்கள். மேலே செல்பவர்கள் எந்த வழியாகச் செல்கிறார்கள், எத்தனை மணிக்குள் திரும்புவார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கீழே தாயாருடன் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.