தண்டனைக்கு முன் நீதிபதிக்கு என்ன எழுதுவது?

உங்கள் வீட்டில் திருடிய 19 வயதுப் பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். கடுமையான தண்டனை கேட்காவிட்டால் அடுத்து பாதிக்கப்படுபவருக்குத் துரோகமாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. எத்தனை வருடம் என்று தீர்மானிப்பது உங்கள் வேலையே இல்லை. நடந்ததை எழுதுங்கள்: அம்மாவின் வளையல் போனது, படுத்த பிறகும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது, மகள் தனி அறையில் படுக்க மறுப்பது என்று இங்கே நீங்கள் சொன்னதையே.

'நாலு பேர் பயப்படணும்' என்ற வாதம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் இடிக்கும். தண்டனை எவ்வளவு கொடுமையானது என்பதைவிட, அது தப்பாமல் வரும் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று 1764-லேயே இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா வாதாடினார். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஊரை மிரட்டுவதற்காக ஒருவனைக் கூடுதலாக உள்ளே வைப்பது மனிதனை வெறும் கருவியாக்குவது என்பது ஜெர்மன் தத்துவஞானி காண்ட் வழி வந்த ஆட்சேபம். (அவர் மரண தண்டனையை ஆதரித்தவர், இளகிய மனசுக்காரர் அல்ல.)

செய்ததற்குத் தக்க தண்டனை வேண்டும் என்று நினைப்பது பழிவெறி இல்லை. கோபத்தையும் எழுதலாம். இழப்பீடு கேட்க வழி உண்டா என்று அரசு வழக்கறிஞரிடம் விசாரியுங்கள். அப்புறம், அனுப்பும் முன் கடிதத்தை அவரிடம் காட்டிவிடுங்கள். பையனின் வக்கீல் கைக்கும் அது போகக்கூடும்.