ஓட்டோவைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. அம்புலன்ஸில் அவசர சிகிச்சை உதவியாளராக ஆறு வருடமாக வேலை செய்கிறார். ஏழு மாதத்துக்கு முன் நிலாவெளி வீதியில் ஒரு ஓட்டோ விபத்து. எங்கள் மகள் வயதுப் பிள்ளை ஒன்றை இவர்தான் தூக்கி ஏற்றினார். பிள்ளை வழியிலேயே போய்விட்டது. அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். மகளை ஓட்டோவில் ஏற விடுவதில்லை; அலஸ்தோட்டத்தில் இருக்கும் முன்பள்ளிக்குத் தினமும் வெயிலில் நடத்தியே கூட்டிப் போகிறார். இரவில் கட்டிலில் படுப்பதில்லை, விறாந்தையில் கேற்றைப் பார்த்தபடி கதிரையில்தான் நித்திரை. இடையில் இரண்டு மூன்று தரம் உள்ளே வந்து மகளின் மூக்கடியில் கை வைத்துப் பார்க்கிறார். லீவு நாளில் சாராயம். குடித்தால், "இரண்டு நிமிசம் முந்திப் போயிருக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். மாமி காத்துக் கறுப்பு என்று நூல் கட்டச் சொல்கிறா. தெரிந்த பார்மசியில் நித்திரைக் குளிசை தருகிறார்கள், கொடுக்கலாமா? இதற்கிடையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், மீட்புப் பணியாளர்களின் மனநிலை பற்றி ஆய்வு செய்வதாகச் சொல்லி இவரையும் கேட்டிருக்கிறார். போனால் புண்ணைக் கிளறியது போல ஆகாதா? வேலைக்குப் பிரச்சினை வருமா?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சகோதரி, மகளின் மூக்கடியில் கை வைத்துப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அன்றைக்கு அம்புலன்ஸுக்குள் அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்: மூச்சு இருக்கிறதா, இருக்கிறதா என்று. ஏழு மாதமாகியும் அந்த டியூட்டி அவருக்கு முடியவில்லை.

மாமியின் சந்தேகத்தை முதலில் எடுக்கிறேன், இல்லாவிட்டால் வீட்டில் மற்றது ஒன்றும் நடக்காது. இது காத்துக் கறுப்பு இல்லை. பைத்தியமும் இல்லை. கொடூரமான ஒன்றைக் கண்ட பிறகு மனதில் ஆறாமல் நிற்கிற நோய்க்கு (ஆங்கிலத்தில் PTSD) வடக்கு கிழக்கில் உளநல வைத்தியர்கள் 'மனவடு' என்று ஒரு சொல்லைப் பாவிக்கிறோம். நீங்கள் எழுதியிருப்பது அந்த நோயின் சாயலில்தான் இருக்கிறது. கடிதத்தை மட்டும் வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடாது, ஆளை நேரில் பார்க்க வேண்டும். நூல் கட்டுவதால் கெடுதல் ஏதும் வராது. பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கட்டட்டும், மாமியின் மனமும் ஆறும். ஆனால் "நூல் கட்டியாயிற்றே, கிளினிக் எதற்கு" என்ற கதைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

வாட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டிலோடு நோய் விபரமும் மருந்தும் எழுதுகிற ஒரு டிக்கெட் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நோயாளி வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து மூடி, பதிவேட்டு அறைக்கு அனுப்பிவிடுவோம். யாரோ மறந்துபோய், நோயாளி போன பிறகும் டிக்கெட் கட்டிலிலேயே கிடக்கிறது என்று வையுங்கள். ரவுண்ட்ஸ் வருகிற ஒவ்வொருவரும் அதைத் திறந்து, வெறும் கட்டிலுக்கு மருந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். மனவடுவில் நடப்பது ஏறத்தாழ இதுதான். மற்ற நினைவுகள் 'அது அன்றைக்கு நடந்தது' என்று திகதியோடு உள்ளே போய்விடுகின்றன. இது மட்டும் திகதி இல்லாமல் வெளியே கிடக்கிறது. ஒரு ஓட்டோச் சத்தம் போதும், உடம்பு இன்றைக்கு நடப்பது போலவே பதறும். அதனால்தான் கனவு, திடுக்கிடல், கேற்றைப் பார்த்தபடி காவல், ஓட்டோவைக் கண்டால் ஒதுங்குவது எல்லாம். அந்த விபத்துக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று கிழமை இப்படி இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்; அநேகமானோர் தாங்களாகவே ஆறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், வேலையையும் வீட்டையும் இழுத்துக்கொண்டு போனால்தான் நோய் என்கிறோம். உங்கள் வீட்டில் ஏழு மாதம்.

"ஆறு வருடமாக எத்தனையோ பிணம் தூக்கினவருக்கு இப்போது என்ன வந்தது" என்று யாராவது கேட்டிருப்பார்கள். பழகிவிடும் என்பது இந்தத் தொழிலில் சொல்லப்படுகிற பெரிய பொய்.

இந்த நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி படையினரை வைத்துத்தான் தெரியவந்தது. முதலாம் உலகப் போரில், 1915இல், சார்ள்ஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் இதை 'ஷெல் ஷொக்' என்று எழுதினார். ஷெல் வெடித்த அதிர்ச்சியில் மூளை குலுங்கியது என்று முதலில் நினைத்தார்கள். ஷெல் பக்கத்தில் விழாதவர்களுக்கும் அதே வருத்தம் வரவே அந்த விளக்கம் நிற்கவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினர் இதை நோயாக ஏற்கச் சொல்லி விடாமல் சண்டை பிடித்ததும் ஒரு காரணமாகி, 1980இல்தான் அமெரிக்க உளநல வைத்தியர்களின் கைநூலில் இது தனி நோயாக இடம்பிடித்தது. உங்கள் கணவருக்கு முக்கியமான வரி 2013இல் வந்தது. வேலையின் காரணமாகத் திரும்பத் திரும்பக் கொடூரத்தைச் சந்திப்பவர்களுக்கும், உதாரணமாக உடல் பாகங்களைச் சேகரிக்கிற முதலுதவியாளர்களுக்கும், சிறுவர் வன்முறை விபரங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிற பொலிஸாருக்கும் இது வரலாம் என்று அந்தக் கைநூலின் புதிய பதிப்பு பெயர் சொல்லியே எழுதியது.

கனடாவில் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ், சிறைச்சாலை, அவசர அழைப்பு எடுப்பவர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018இல் வெளியானது: 44.5 வீதமானோரிடம் ஏதாவது ஒரு உளநோயின் அறிகுறி. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாங்களாக முன்வந்தவர்கள் வினாக்கொத்தில் கோடிட்டது அது, வைத்தியர் பார்த்துச் சொன்னதல்ல. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், உங்கள் கணவர் தனி ஆள் இல்லை என்பதற்கு அது போதும்.

நம் நாட்டுக் கடற்படையினரிடமும் ஆய்வு நடந்திருக்கிறது. போர்முனையில் அதிக ஆபத்தைப் பார்த்த விசேட பிரிவினரிடம் இந்த நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. திருகோணமலையில் கடற்படை என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது, அதை இங்கே அவிழ்க்கவில்லை. சீருடையில் இருப்பவர் வினாக்கொத்தில் எவ்வளவு உண்மை எழுதுவார் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. ஆனாலும் ஒன்று படுகிறது. முகாமில் இருப்பவன் தன்னைப் போலவே அதைப் பார்த்த நாலு பேரோடு உண்டு உறங்குகிறான். உங்கள் கணவர் ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் தனியாக வீட்டுக்கு வருகிறார்.

அதற்காக ஆளை உட்கார வைத்து "எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டு" என்று கேட்க வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2004 சுனாமி வந்து சில நாளில் கிண்ணியாப் பக்கம் ஒரு பாடசாலையில் முகாம். நான் அப்போது சின்ன டொக்டர். வெளியிலிருந்து வந்த ஒரு குழு, உடல்களை எடுத்த இளைஞர்களை வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததை ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னது. நான் மொழிபெயர்த்தேன். ஒரு பெடியன் பாதியில் எழுந்து போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தான். அன்றைக்கு அதுதான் வைத்தியம் என்று நினைத்தோம். இப்படி ஒரே தடவையில் கொட்ட வைப்பது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டியும் விடலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள். எங்களுக்குத்தான் தெரியவில்லை. 2021இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்த நேரம், தண்ணீரில் இறங்கியவர்களில் ஓரிருவரைப் பார்க்கக் கிடைத்தது. நான் தேத்தண்ணியும் நித்திரையும் பக்கத்தில் ஒரு ஆளும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கதைத்தால் கேட்டேன்.

அப்படியென்றால் எப்படி மாறும்? இப்போது அவர் செய்வதெல்லாம் விலகல்தான்: நிலாவெளி வீதி வேண்டாம், ஓட்டோ வேண்டாம், கட்டில் வேண்டாம், கனவுக்குப் பயந்து நித்திரையே வேண்டாம். ஒவ்வொரு விலகலும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். அதுதான் நோய்க்குத் தீனியும். பயன் தருகிற சிகிச்சைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அவரை அந்த நாளுக்குத் திரும்பக் கூட்டிப் போகின்றன, ஆனால் அளவோடு, பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க. நெதர்லாந்தில் படையினருக்காகத் தொடங்கிய ஒரு முறையில், நோயாளி ட்ரெட்மில்லில் நடப்பார். எதிரே பெரிய திரையில் அவரே தெரிவு செய்த படம், அதை நோக்கியே நடை. நமக்கு அந்த மெஷின் வேண்டியதில்லை. நிறுத்தி வைத்த ஓட்டோவில் பத்து நிமிடம் உட்கார்வது, பிறகு சந்தி வரை, பிறகு மகளோடு, கடைசியில் விபத்து நடந்த இடத்தில் இறங்கி நிற்பது என்று உளநலப் பிரிவில் படிப்படியாகத் திட்டம் போடுவார்கள். நடந்ததைக் கண்ணை மூடி முழுதாகச் சொல்லவும் வைப்பார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. கிணற்றடிப் பெடியனுக்கு நாங்கள் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். அவனை நாங்கள் திறந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டோம். இங்கே அடுத்த கிழமையும் அதே ஆள் அதே கதிரையில் இருப்பார். பெரும்பாலும் எட்டிலிருந்து பதினாறு அமர்வு.

அந்த 'இரண்டு நிமிசம்' தனியாகக் கவனிக்க வேண்டியது. "உங்கள் பிழை இல்லை" என்று நீங்கள் நூறு தரம் சொல்லியிருப்பீர்கள், ஏறாது. சிகிச்சையில் அதைக் கணக்காகவே எடுப்பார்கள்: அழைப்பு எத்தனை மணிக்கு, வண்டி எங்கே நின்றது, பிள்ளைக்கு என்ன காயம், இரண்டு நிமிடம் உண்மையில் எதை மாற்றியிருக்கும்? விடையை அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

பார்மசிக் குளிசை வேண்டாம். டயசெபாம், குளோனசெபாம், அல்ப்ரசோலம் வகையாகத்தான் இருக்கும். மனவடுவுக்கு இவை வைத்தியம் இல்லை, பழக்கமாகிவிடும், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்றவற்றை வைத்தியர் எழுதுவார். வேலை செய்ய நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும், முதல் கிழமை வயிற்றைப் பிரட்டலாம், அதற்காக நிறுத்திவிடக் கூடாது. கெட்ட கனவுக்கு பிரசோசின் என்ற மாத்திரையைச் சொல்வார்கள். 2018இல் வெளியான, முன்னாள் படையினர் 304 பேரிடம் செய்த பரிசோதனையில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இருக்கவில்லை. ஆனாலும் சிலருக்குப் பலன் தருவதால் வைத்தியர்கள் இன்னும் கொடுத்துப் பார்க்கிறோம். சாராயத்தைப் பொறுத்தவரை, தினமும் குடிப்பவராக மாறியிருந்தால் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள், கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். எவ்வளவு குடிக்கிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, ஆய்வுக்கு வருவோம். புண்ணைக் கிளறுமா என்ற பயம் எனக்கும் முன்பு இருந்தது. இப்படியான ஆய்வுகளில் பங்குபற்றியவர்களையே கேட்டுப் பார்த்ததில், சிலருக்கு அந்த நேரம் மனம் கலங்கியது, ஆனால் பெரும்பாலானோர் சேர்ந்ததற்காக வருத்தப்படவில்லை. பொதுவாக இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுப்பார்கள். கடந்த ஒரு மாதத்தில் கனவு, திடுக்கிடல், விலகல் எவ்வளவு தொந்தரவு தந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கூட்டினால் உச்சம் 80. 31, 33 அளவைத் தாண்டினால் வைத்தியரிடம் முழுதாகப் பார்க்கச் சொல்வோம். அவ்வளவுதான், அந்தத் தாள் ஆளுக்கு நோய் இருக்கிறது என்று தீர்ப்பு எழுதாது.

வேலை பற்றிய கேள்விதான் நியாயமானது. அதைக் கையெழுத்துப் போடுமுன் ஆய்வாளரிடமே நேராகக் கேளுங்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பெயருக்குப் பதிலாக இலக்கம்தானா, தாள்கள் யாரிடம் இருக்கும், மேலதிகாரி பார்ப்பாரா, பாதியில் எழுந்து போகலாமா, கேள்வி கேட்டு ஆள் கலங்கினால் எங்கே அனுப்புவார்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் சேர வேண்டாம். மேலதிகாரி மூலமாகப் பெயர்ப்பட்டியல் எடுத்து, "எல்லோரும் வாங்கோ" என்று கூப்பிட்டால் அது விருப்பத்தோடு சேர்வது ஆகாது. இன்னொன்று, ஆய்வு சிகிச்சை இல்லை. தாள் நிரப்பிக் கொடுத்ததோடு ஏதோ வைத்தியம் நடந்துவிட்டதாக வீட்டில் நினைத்துவிடாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கிளினிக்குக் கூட்டிப் போவேன்; ஆய்வில் சேர்வதா இல்லையா என்பதை அவர் தன் பாட்டுக்கு முடிவெடுக்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். சாவைப் பற்றிக் கதைத்திருக்கிறாரா? தெரியாவிட்டால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம் போல இருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் அன்றைக்கே வைத்தியசாலை, தனியாக விட வேண்டாம். இரவென்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், 24 மணி நேரமும் தேசிய மனநல நிறுவனத்தில் ஆள் இருப்பார்கள்.

மற்றபடி மாவட்ட பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், காசு இல்லை. தெரிந்த முகங்கள் நிறைந்த இடத்தில் வரிசையில் நிற்க அவர் கூச்சப்படுவார். தினமும் நோயாளி கொண்டுவந்து இறக்குகிற வாசல் அல்லவா. முன்கூட்டியே போய்க் கதைத்து, கிளினிக் கூட்டம் குறைகிற நேரத்தைக் கேட்டு வையுங்கள். "உங்களுக்கு வருத்தம், வாங்கோ" என்று கூப்பிட்டால் வரமாட்டார். "எனக்கும் நித்திரை இல்லை, ரெண்டு பேரும் போவம்" என்று கேட்டுப் பாருங்கள். அது பொய்யும் இல்லை, அவர் எழும்புகிற ஒவ்வொரு தரமும் நீங்களும் விழித்துத்தானே இருக்கிறீர்கள். போகும்போது எனக்கு எழுதிய அந்தக் கடிதத்தையே கொண்டு போய்க் கொடுங்கள். மூக்கடியில் கை வைத்துப் பார்ப்பதை அவர் தன் வாயால் சொல்ல மாட்டார்.