அம்மாவுக்கு தினமும் பரீட்சையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் வியாபாரம் செய்தவர். அப்பா இறந்ததும் போன வருஷம் மாதவரத்தில் என் ஃபிளாட்டுக்கு, நாலாவது மாடிக்குக் கூட்டிவந்துவிட்டேன். இப்போது எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. ராத்திரி சாப்பிடும்போது "காலையில் என்ன டிபன்? இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டுப் பார்க்கிறோம். விழிக்கிறார், சில நாள் அழுகிறார். அப்பாவைப் பற்றிக் கேட்டால் அவர் குடித்துவிட்டு அடித்ததை மட்டும்தான் சொல்கிறார். போன மாதம் ரேஷன் கார்டு வேலையாகப் பழைய தெருவுக்குக் கூட்டிப் போனபோது எதிர்வீட்டு அக்காவிடம் நன்றாகத்தான் பேசினார். முந்தின வாரம் பேரனுக்குக் காய்ச்சல் வந்த கதையெல்லாம் சொன்னார். வீடு திரும்பியதும் பழையபடிதான். முழுசாக மறப்பதற்குள் காசிமேட்டு வீட்டை விற்கக் கையெழுத்து வாங்கிவிடலாமா? தங்கை வேண்டாம் என்கிறாள்.
– பெயர் வேண்டாம், மாதவரம்

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊரும் தொழிலும்தான் மாறும், கடைசி வரியில் கையெழுத்து வந்துவிடும். "வயசானால் அப்படித்தான், கவலைப்படாதீங்க" என்று நான் எழுதப்போவதில்லை.

பேரனுக்குக் காய்ச்சல் வந்த கதையை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்பப் படியுங்கள். அந்தக் காய்ச்சல் காசிமேட்டில் வரவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் நாலாவது மாடியில், அதுவும் முந்தின வாரம் வந்தது. பழைய கதை மட்டும் ஞாபகம் இருந்திருந்தால் நானும் பயந்திருப்பேன். மறதி நோயிலும் பழையது பல காலம் தங்கும், புதிதுதான் முதலில் போகும். இவர் சொன்னதோ புதிது. உங்கள் வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்ல முடியாதவர், எதிர்வீட்டு அக்காவிடம் எப்படிச் சொன்னார்? இதை ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

அந்த அக்கா என்ன கிழமை என்று கேட்டிருக்க மாட்டார். "பேரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டிருப்பார். ஞாபகத்துக்கு இந்த மாதிரி ஒரு பிடி வேண்டும். 1966-ல் கனடாவில் டல்விங், பியர்ல்ஸ்டோன் என்ற இருவர் மாணவர்களுக்கு வார்த்தைப் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சும்மா ஒப்பிக்கச் சொன்னபோது பலருக்குப் பாதி வரவில்லை. அவை எந்த வகை வார்த்தைகள் என்று தலைப்பை மட்டும் எடுத்துக் கொடுத்ததும், வராது என்று விட்டதில் நிறைய வந்தது. அது எங்கேயும் போகவில்லை, எடுக்க வழி இல்லாமல்தான் உள்ளே கிடந்தது.

இடமும் ஒரு பிடிதான். 1975-ல் ஸ்காட்லாந்தில் காடன், பேடலி என்ற ஆய்வாளர்கள் முக்குளிப்பவர்களைக் கரையிலும் கடலுக்கடியிலும் வார்த்தைகள் கற்க வைத்தார்கள். தண்ணீருக்குள் கற்றது தண்ணீருக்குள்தான் நன்றாக நினைவுக்கு வந்தது. இதை 2021-ல் நெதர்லாந்தில் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை, அதனால் இடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். காடனும் பேடலியுமே பிறகு இன்னொன்றும் பார்த்தார்கள். ஒப்பிக்கச் சொல்லாமல், வார்த்தையைக் காட்டி "இது இருந்ததா?" என்று கேட்டால் இடம் மாறியது பெரிதாகத் தெரியவில்லை. உங்களுக்கு வேண்டியது இதுதான். "காலையில் என்ன டிபன்?" என்று கேட்காதீர்கள். "காலையில் இட்லிதானே, சட்னியில காரம் ஜாஸ்தியா இருந்துச்சா?" என்று கேளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்பது தெரிந்துகொள்வதற்கா, தப்புக் கண்டுபிடிப்பதற்கா? சோற்றுத் தட்டுக்கு முன்னால், மருமகளும் பேரனும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தாயை நிறுத்தி வைத்து வினா கேட்பது என்ன பழக்கம்? பயத்தில் யாருக்கும் வாயில் வராது. நாற்பது வருஷம் ஏலத்தில் நின்று, கடன் கணக்கு முழுக்க மனசில் வைத்து, உங்களைப் படிக்க வைத்தவர் அவர். இன்றைக்கே நிறுத்துங்கள்.

அப்பா விஷயம். அவர் அடித்தது நடந்ததுதான், அதை மறக்கச் சொல்லவோ மூடி மறைக்கவோ உங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அது மட்டுமே வருவதற்குக் காரணம் உண்டு. மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்கு ஒத்த ஞாபகங்கள்தான் முந்திக்கொண்டு வரும். மனச்சோர்வு கூடக்கூட, கசப்பான நினைவுகள் இன்னும் சீக்கிரம் வருவதை நோயாளிகளிடமே பார்த்திருக்கிறார்கள். புருஷன் போய், தெரு போய், தொழில் போய், லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வேறு எது வரும்? வயதானவர்களிடம் மனச்சோர்வு மறதி மாதிரியே தெரியும். பி12 குறைந்தாலும் தைராய்டு கோளாறு என்றாலும் மறதி வரும், அதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. அதனால் இந்த வாரமே ஸ்டான்லிக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் பேசியதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். நீங்கள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நில்லுங்கள், மீனை அவர் பார்க்கட்டும். செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு கூறு சங்கராவுக்கு அவரே விலை பேசட்டும். வீட்டுக்கு வந்து அவருடைய அருவாமனையிலேயே அவர் அரியட்டும். அதை எடைக்குப் போட்டிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். அரியும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைன்னு விசைப்படகு கடலுக்குப் போகாதுல்ல, அந்த 61 நாள் எப்படிம்மா சமாளிச்சே?" என்று கேளுங்கள். அப்பாவைப் பற்றிய நல்லது ஏதாவது இருந்தால் அந்தப் பேச்சில் தானாக வரும். வராவிட்டால் விடுங்கள்.

கையெழுத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மாவுக்குப் புத்தி தெளிவில்லை என்றால், 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டப்படி அவர் போடும் கையெழுத்து நிற்காது. தெளிவாக இருக்கிறார் என்றால், விற்கலாமா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். "முழுசாக மறப்பதற்குள்" என்று எழுதியிருக்கிறீர்களே, பெற்ற தாயைப் பற்றி ஒரு மகன் எழுதுகிற வரியா இது? அவர் இருக்கிறவரை அந்த வீடு அவருடையது. உங்கள் தங்கை குறுக்கே நிற்கவில்லை, நீங்கள் செய்ய வேண்டியதை அவள் செய்கிறாள்.

இன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டு, டாக்டரிடம் போகும்போது கூட வரச் சொல்லுங்கள். விற்பனைப் பேச்சை அதுவரை யாரும் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும், அம்மா எடுத்தால் மட்டும் பேசுங்கள்.