பேயே வராத 'ரெபெக்கா' நாவல் ஏன் இன்னும் பயமுறுத்துகிறது?

ஆங்கில எழுத்தாளர் டாஃப்னே டு மாரியர் 1938-இல் வெளியிட்ட 'ரெபெக்கா'வில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அப்புறம் எதற்கு இத்தனை வருஷமாக அதைக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு நாவலை எடுங்கள்.

மான்டி கார்லோவில் ஒரு பணக்காரப் பெண்மணிக்குச் சம்பளத் துணையாக இருக்கும் ஏழைப் பெண்தான் கதை சொல்பவள். மனைவியை இழந்த மாக்சிம் டி விண்டர் அவளைக் கல்யாணம் செய்து மாண்டர்லி மாளிகைக்குக் கூட்டி வருகிறான். முதல் மனைவி ரெபெக்கா கடலில் மூழ்கி இறந்தவள். ஆனால் வீட்டில் எல்லாமே அவள் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் அம்மாள் அப்படி வைத்திருக்கிறாள்.

புது மனைவி ரெபெக்காவின் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது தொலைபேசி மணி அடிக்கிறது. "மிஸஸ் டி விண்டரா?" என்று கேட்கும் குரலிடம், அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே என்று பதில் சொல்லிவிடுகிறாள். இப்போது அந்தப் பெயர் தன்னுடையது என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. அதே அறையில் ஒரு பீங்கான் பொம்மையை உடைத்துவிட்டு, வேலைக்காரப் பெண் போல மேஜை டிராயரின் உள்ளே ஒளித்து வைக்கிறாள். சொந்த வீட்டில்! நாவல் முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது. செத்தவளின் பெயரோ கைக்குட்டையில், புத்தகத்தில், ஏன், இந்த நாவலின் அட்டை மேலேயே இருக்கிறது.

புகுந்த இடத்தில் தனக்கு முன்னால் இருந்தவரோடு ஒப்பிடப்பட்ட யாருக்கும் இந்தக் கூச்சம் புரியும். டு மாரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கணவருக்கு முன்பு வேறொரு பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. கணவரின் ராணுவ வேலைக்காக எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தபோது, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியை நினைத்து ஏங்கியபடி நாவலை ஆரம்பித்தார். மாண்டர்லிக்கு முன்மாதிரிகளில் ஒன்றாக இருந்த, கார்ன்வாலின் மெனபிலி மாளிகையில் 1943 முதல் அவரே வாடகைக்குக் குடியிருந்தார்.

ஆனால் இது மட்டும் என்றால் நல்ல குடும்ப நாவல், அவ்வளவுதான். எனக்கு இது பெரிய நாவலாகப் படுவதற்குக் காரணம் மாக்சிம் உண்மையைச் சொல்லும் இடம். ரெபெக்காவைத் தானே சுட்டுக் கொன்றதாக அவன் ஒப்புக்கொள்கிறான். அவளை வெறுத்தேன் என்கிறான். கேட்டுக்கொண்டிருப்பவள் மனதில் எழுவது அதிர்ச்சியைவிட நிம்மதி: இவன் ரெபெக்காவை ஒருபோதும் நேசிக்கவில்லை! கொலை அவளுக்குச் சின்ன விஷயமாகிவிடுகிறது. நமக்கும்தான். அதற்குள் நாம் அவள் பக்கம் அவ்வளவு சாய்ந்திருக்கிறோம். விசாரணை வரும்போது அவன் மாட்டக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே பக்கம் புரட்டுகிறோம். ரெபெக்கா கெட்டவள் என்பதற்குப் பெரும் சாட்சி அவளைக் கொன்றவன்தான் என்பது புத்தகத்தை மூடிய பிறகுதான் உறைக்கும்.

இரண்டாம் முறை படித்தால் கிட்டத்தட்ட வேறு நாவல். கூச்ச சுபாவமுள்ள அந்தப் பெண் பாவமாகத் தெரியமாட்டாள். கணவனின் ரகசியம் கைக்கு வந்த கணத்திலிருந்து அவள் நிமிர்ந்து நிற்பதும், வேலைக்காரர்களை அதட்டத் தொடங்குவதும் கண்ணில் படும். தன் பக்கத்தைத் தானே சொல்ல வாய்ப்பே இல்லாத ரெபெக்கா மேல் இரக்கம்கூட வரும்.

1940-இல் இயக்குநர் ஹிட்ச்காக் இந்த நாவலை வைத்து எடுத்த படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. நல்ல படம். ஆனால் மனைவியைக் கொன்றவன் தண்டனையில்லாமல் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்காததால், ரெபெக்கா தடுக்கி விழுந்து இறந்ததாக மாற்றிவிட்டார்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால் தயவுசெய்து நாவலைப் படியுங்கள். நான் சொல்லும் பயம் முழுவதும் அந்த மாற்றத்தில் காணாமல் போய்விட்டது.