எடை குறையட்டும், அப்புறம் டம்பெல் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். உயரம் 158 செ.மீ. நான்கு மாதங்களுக்கு முன் 78 கிலோ இருந்தேன். தினமும் 45 நிமிட நடை, இரவில் சோற்றை நிறுத்திவிட்டு வெறும் பழம் என்று இருந்ததில் 72-க்கு வந்திருக்கிறேன். ஒரு மாதமாக முள் அசையவில்லை. முன்பு தண்ணீர் கேனை நானே தூக்கி வைப்பேன். இப்போது மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. தோழி ஜிம்முக்கு அழைக்கிறாள். 60 கிலோவுக்கு வந்தபிறகு எடை தூக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். கை, தோள் எல்லாம் ஆண்களைப் போல ஆகிவிடுமோ என்ற பயமும் உண்டு. கனம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார் மாமியார். மாடி ஏறும்போது முழங்கால் லேசாக வலிக்கிறது. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முள் அசையாததை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தத் தண்ணீர் கேன்தான். ஆறு கிலோ குறைந்தவருக்கு நடமாட்டம் சுலபமாகியிருக்க வேண்டும், தூக்கும் பலம் போயிருக்கக் கூடாது. சாப்பாட்டைக் குறைத்து, நடை மட்டும் நடந்து இளைக்கும்போது கரைவது கொழுப்பு மட்டுமல்ல. குறைந்த எடையில் கால் பங்கு வரைகூடத் தசையும் அதைச் சார்ந்ததுமாகப் போய்விடலாம். தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கேனுக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் 60 கிலோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். இளைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எடைப்பயிற்சி அதிகம் தேவை. 'இந்தத் தசையை நான் பயன்படுத்துகிறேன், கைவைக்காதே' என்று உடம்புக்குச் சொல்ல வேறு வழியில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: கொழுப்பு குறையும் அதே நாட்களில் பலம் கூடும். முதல் ஆறு, எட்டு வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் வேலை கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பருப்பது என்றதும் உங்கள் பயம் ஞாபகம் வருகிறது. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்குத் தசையைப் பருக்கவைக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகக் குறைவு. பாடிபில்டிங் மேடையில் நிற்கும் பெண்களின் தோளுக்குப் பின்னால் பல வருட உழைப்பும் வயிறு நிறையச் சாப்பாடும் இருக்கிறது. குறைத்துச் சாப்பிடும் நீங்கள் வாரம் இரண்டு நாள் டம்பெல் பிடித்து அங்கே போய்ச் சேர மாட்டீர்கள். அதே போல, 'தசை வந்தால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும்' என்று ஜிம்மில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். ஒரு கிலோ தசை, சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. அரை டம்ளர் காபிகூட இல்லை.

மாமியார் சொல்வதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். அடியில் ஏதோ இறங்குவது போன்ற கனம், இருமினால் சிறுநீர் கசிவது இவை ஏற்கெனவே இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுத்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இவை இல்லையென்றால் படிப்படியாகக் கனம் கூட்டுவதில் பயமில்லை. தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்காமல், மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்.

முதல் மாதத்துக்கு ஜிம்மே வேண்டாம். வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. முழங்கால் வலித்தால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். லேசான வலி பயிற்சி முடிந்ததும் அடங்கினால் தொடரலாம். மூட்டு வீங்கினாலோ சிக்கிக்கொண்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அடுத்தது சுவரில் கை வைத்துத் தண்டால். பழகியபின் சுவரிலிருந்து சமையல் மேடைக்கு இறங்கலாம். மூன்றாவது, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்பை நோக்கி இழுப்பது. நான்காவதுதான் உங்கள் கேனுக்கான பாடம். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பின்புறத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அப்படி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு கூனாமல் குனிந்து, பையைப் பிடித்தபடி நிமிர வேண்டும்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு செட், அதாவது இரண்டு சுற்று. இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். 12 சுலபமாகிவிட்டால் கனத்தைக் கூட்டுங்கள். இந்தக் கூட்டுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே இரண்டு கிலோ டம்பெல்லை மூன்று வருடம் ஆட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிம்மில் நீளமாகக் கிடக்கும் பெரிய இரும்புக் கம்பி, தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. உங்கள் வீட்டு 20 லிட்டர் கேனும் ஏறக்குறைய அதே கனம். ஆகவே ஜிம்முக்குப் போனால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். முதல் நாளே நூறு ஸ்குவாட் போடச் சொல்லி, மறுநாள் மாடிப்படி இறங்கவிடாமல் செய்கிற டிரெயினரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள். வலிதான் பயிற்சிக்கு அளவு என்பது தவறு.

சரி, சாப்பாடு. இரவில் வெறும் பழம் என்பதை இன்றே நிறுத்துங்கள். காலை நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதம், பொரியல், தயிர், இரவு பழம் என்றால் புரதம் 30 கிராமை ஒட்டித்தான் வரும். உங்களுக்கு 80 கிராமை ஒட்டி வேண்டும். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் சுமார் 20, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12. செவ்வாய், வெள்ளி முட்டை கிடையாது என்ற வீடாக இருந்தால், காய்ந்த மீல்மேக்கர் 50 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 25 வந்துவிடும். சோறு எதிரியல்ல; தட்டில் அதன் இடம் கொஞ்சம் சுருங்கினால் போதும். புரதப் பவுடர் கட்டாயமில்லை. நடையையும் விட வேண்டாம்.

தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் தராசு ஏறக்கூடக் காட்டலாம். பழக்கமில்லாத வேலை செய்த தசை தண்ணீரைப் பிடித்து வைப்பதால் வருவது அது, பயப்படாதீர்கள். இன்ச் டேப்பை எடுத்து தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பழைய ரவிக்கையின் கொக்கியும் நம்பகமான அளவுகோல்தான்.

இன்னொன்று. அந்த நாற்காலிப் பயிற்சியை மாமியாருக்கும் சொல்லிக்கொடுங்கள், சுவர் ஓரமாக நாற்காலி போட்டு, பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு. அவர் வயதில் கையை ஊன்றாமல் எழ முடிவது பெரிய விஷயம். கர்ப்பப்பைப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.