முகாமில் 158 வந்ததும் 84 டெஸ்ட் எதற்கு?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் போன வருடம் கால் விரலை எடுத்துவிட்டார்கள். இவருக்கு ஒரு முகாமில், மதியம் சாப்பிட்ட பிறகு விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 158. அங்கே நின்ற லேப் ஆள், "2,999 ரூபாய்க்கு 84 டெஸ்ட், எடுத்துவிட்டால் எல்லா நோயையும் முன்கூட்டியே தடுத்துவிடலாம்" என்கிறாராம். எடுக்கலாமா? கடைசியில் ஒரு வரி: "இரண்டாவது பிரசவத்தில் எனக்கு சுகர் இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது."

வேண்டாம், எடுக்காதீர்கள். உங்களுக்குத் தேவையானது ஒரே ஒரு டெஸ்ட்தான், அதுவும் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிக்காக.

டெஸ்ட் எடுத்தால் நோய் தடுக்கப்படாது. நோயே வராமல் பார்த்துக்கொள்வது தடுப்பின் முதல் படி. உள்ளே ஆரம்பித்துவிட்டதை அறிகுறி தெரிவதற்கு முன்பே பிடிப்பது இரண்டாவது. வந்துவிட்ட நோய் காலையோ கண்ணையோ கிட்னியையோ கொண்டுபோகாமல் காப்பது மூன்றாவது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் முதல் படியில், நீங்கள் இரண்டாவதில், அம்மா மூன்றாவதில் இருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு, ஆனால் அந்த லேப் ஆள் மூன்று பேருக்கும் அதே பேக்கேஜைத்தான் விற்பார், ஏனென்றால் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்.

அந்த 84-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்து வருகிற விகிதங்களைக்கூடத் தனி டெஸ்ட்டாக எண்ணியிருப்பார்கள். பெரும்பாலான டெஸ்ட்களில் 'நார்மல்' என்ற அளவே, ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேர் அதற்குள் வருகிற மாதிரி வகுக்கப்பட்டது, அப்படியென்றால் ஒரு நோயும் இல்லாதவருக்கே 84-ல் சராசரியாக நான்கு எண்கள் சிவப்பில் அச்சாகி வரும். அதைப் பார்த்துப் பயந்து ஸ்கேன், ஸ்கேனைப் பார்த்து இன்னொரு டாக்டர் என்று அலைவீர்கள். சில பேக்கேஜில் சிஏ-125 என்று புற்றுநோய் டெஸ்ட் ஒன்றையும் சேர்க்கிறார்கள், அது மாதவிடாய் நாளில்கூட ஏறும், தொந்தரவு எதுவும் இல்லாத பெண்ணுக்கு அதை எடுக்கவே கூடாது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம், இன்று மட்டும் பாதி விலை என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த எண் கூடுதலாக வந்தால் அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?" அதற்குப் பதில் சொல்ல முடியாத டெஸ்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, 158-க்கு வருவோம். சாப்பிட்ட பிறகு விரலில் குத்திப் பார்த்த ஒற்றை எண்ணை வைத்து சுகர் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வேறு யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால், வெறும் வயிற்றில் ஒருமுறை பாருங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். உங்களுக்கு அது போதாது. கர்ப்பத்தில் சுகர் வந்து பிரசவத்துக்குப் பிறகு 'சரியாகிவிட்ட' பெண்ணுக்கு, பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 7 முதல் 10 மடங்கு. இவர்களில் பலருக்கு வெறும் வயிற்று அளவு நன்றாகவே இருக்கும், குளுக்கோஸ் குடித்த பிறகுதான் குட்டு வெளிப்படும். பிரசவமான ஆறாவது வாரம் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்குப் பெண்டாவேலன்ட் தடுப்பூசி, தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரிலேயே வந்து நிற்கிறாள், கர்ப்பிணிகளுக்கு அரசு பதிவில் தருகிற பிக்மி எண் முதற்கொண்டு அவள் கர்ப்பத்தின் விவரம் எல்லாம் பதிவில் இருக்கிறது, ஆனாலும் குழந்தைக்கு ஊசி போட்டுத் தாயை அப்படியே அனுப்பிவிடுகிறோம். எத்தனை கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது! ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரும் இரண்டு மணி நேர பெஞ்சும்தான் கேட்கிறோம்.

உங்களுக்கு இப்போதும் நேரம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'ஜிடிடி', அதாவது அந்தக் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கிற டெஸ்ட், என்று கேளுங்கள், 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை பார்ப்பது அரசின் திட்டத்திலேயே உண்டு. முந்தின மூன்று நாள் சோற்றைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிடுங்கள், இரவு எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு, காலையில் ரத்தம், குளுக்கோஸ், பிறகு இரண்டு மணி நேரம் நடக்காமல் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம். இரண்டாவது எண் 140-க்குள் என்றால் நல்லது, வருடம் ஒருமுறை பாருங்கள். 140 முதல் 199 என்றால் சர்க்கரையின் வாசலில் நிற்கிறீர்கள். 200-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வாசலில் இருந்தாலும் திரும்பி வரலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இதே நிலையில் இருந்தவர்களை வழக்கமான ஆலோசனையோடு விட்டபோது மூன்று வருடத்தில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது, நடையும் சாப்பாட்டு மாற்றமும் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. தினம் அரை மணி நேர நடை, தட்டில் சோறு குறைந்து காய் கூடுவது, அவ்வளவுதான். இதையே பொடியாக விற்பவர் வந்தால் கதவைச் சாத்துங்கள்.

அம்மாவுக்கு: தினம் ராத்திரி நீங்களே பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு. வெந்நீரில் கால் வைக்கக் கூடாது, உணர்ச்சி மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அந்த 2,999 ரூபாயில் நல்ல செருப்பு ஒன்று வாங்குங்கள், கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்வர ஆகும் செலவும் அதிலேயே அடங்கும். ஜிடிடிக்குப் போகும்போது பழைய பிரசவ அட்டையை எடுத்துப் போக மறக்காதீர்கள், அதைக் காட்டினால்தான் ஏன் கேட்கிறீர்கள் என்று அங்கிருப்பவர்களுக்குப் புரியும்.